நற்செய்தி: யார், யாருக்கு, எங்கிருந்து?

எங்கள் சபைகளில் 'ஆத்தும ஆதாயம்' என்று ஒரு சொல் புழங்குகிறது. கன்வென்ஷன் பந்தலில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காதில் விழும். ஒவ்வொரு விசுவாசியும் ஆத்தும ஆதாயம் செய்தாக வேண்டும், குருவானவர் மட்டும் செய்தால் போதாது, நீ வாய் திறக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரனின் இரத்தப்பழி உன் தலைமேல் என்று மைக்கில் முழங்குவார்கள். ஆதாயம் என்பது கடைக்காரனின் சொல். முதல் போட்டவன், லாபம் எடுப்பவன், சரக்கு என்று மூன்றையும் அது கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. இதில் சரக்கு யார் என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். ஊழியக் குழுவின் ஜீப் ஊர்த்தெரு வழியாகத்தான் வரும். வேறு பாதை கிடையாது. ஆனால் ஊர்த்தெருவில் ஒரு கைப்பிரதிகூட இறங்காது. காலனிக்கு வந்துதான் பெட்டியைத் திறப்பார்கள்.

நான் பறையன். மூன்று தலைமுறையாகக் கிறித்தவன். பாலாற்றங்கரையின் தோல் ஊர்களில் ஒன்றில் பிறந்தவன். அப்பா தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று வேலை பார்த்தவர். தான் நம்புவதைப் பிறருக்குச் சொல்லும் கடமை ஒரு சாதாரண கிறித்தவனுக்கு உண்டா என்று இறையியல் கல்லூரிகளில் கேட்கும்போது அந்தச் 'சாதாரண கிறித்தவனுக்கு' சாதியே இருப்பதில்லை. அவன் எந்தத் தெருவில் குடியிருக்கிறான், யார் வீட்டுத் திண்ணை வரை போகலாம், செத்தால் எந்த மூலையில் புதைப்பார்கள் என்பதெல்லாம் கேள்விக்குள் வருவதில்லை. இவற்றை உள்ளே கொண்டுவந்த பிறகும் அந்தக் கடமை உண்டு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பந்தலில் சொல்கிற கடமை அல்ல அது.

முதலில், வாயைத் திறக்கவே வேண்டாம் என்கிறவர்களைப் பார்த்துவிடுவோம். 1935 அக்டோபரில் யேவலாவில் அம்பேத்கர், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். மறு ஆண்டு ஜான் மாட் என்ற அமெரிக்க மிஷன் தலைவர் காந்தியை வந்து பார்த்தார். பேச்சு தீண்டாதாருக்கு நற்செய்தி சொல்வதைப் பற்றிப் போனபோது, பசுவிடம் போய் சுவிசேஷம் சொல்வீர்களா என்று காந்தி கேட்டார். தீண்டாதாரில் சிலருடைய புரிந்துகொள்ளும் திறன் பசுவைவிடக் கீழ் என்றும் சேர்த்துக்கொண்டார். 'ஹரிஜன்' இதழில் வெளிவந்த உரையாடல்தான் இது. கேட்கக்கூடத் தெரியாத சனம் என்பது அதன் பொருள். கேட்கத் தெரியாதவன் சொல்லவா போகிறான்?

அதே காந்தி இன்னொன்றும் சொன்னார்: ரோஜா பிரசங்கம் செய்வதில்லை, அதன் மணம் தானாகப் பரவுகிறது, வாழ்க்கையே சாட்சியாக இருக்கட்டும். இன்று படித்த கிறித்தவர்களுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிருக்கிறது. நாகரிகமாக இருக்கிறது, யாருக்கும் தொந்தரவில்லை. தோல் ஊரில் பிறந்தவனுக்கு மணத்தைப் பற்றிப் பாடம் எடுக்காதீங்க. எங்கள் மேல் அடிக்கும் வாடையைச் சொல்லித்தான் எங்களைத் தள்ளியே வைத்தார்கள். யாருடைய வாழ்க்கை பார்த்த மாத்திரத்தில் மரியாதைக்குரியதாகத் தெரிகிறதோ அவர் பேசாமலே சாட்சி சொல்லிவிடலாம். எங்கள் உடம்பைப் பார்த்தவுடனே ஊர் ஒரு கதையைப் படித்து முடித்துவிடுகிறது. அதை மறுக்க வாய்தான் வேண்டும். பேச்சு எங்களுக்கு ஆடம்பரம் அல்ல. கோயில், கிணறு, பள்ளிக்கூடம் மாதிரி மறுக்கப்பட்ட பொருள்களில் அதுவும் ஒன்று.

அந்த மறுப்பையும் மீறிப் பேசியவர்கள் இருந்தார்கள். அவர்களை மிஷன் வரலாறு அடிக்குறிப்பாக்கி வைத்திருக்கிறது.

சியால்கோட், இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. அங்கே ஒரு கிராமத்தில் டித் என்று ஒரு ஆள். சூஹ்ரா சாதி, தோட்டி வேலைக்கும் செத்த மாட்டுக்கும் ஒதுக்கப்பட்ட சனம். கருத்த, குள்ளமான, கால் ஊனமான மனிதர். பிழைப்பு, ஊர் ஊராகப் போய்த் தோல் வாங்கி விற்பது. 1873இல் இவரைச் சாமுவேல் மார்ட்டின் என்ற அமெரிக்கப் பாதிரியாரிடம் கூட்டிப்போனவர் நத்து என்ற ஜாட் சாதிக்காரர். மிஷனின் கண் அப்போதெல்லாம் மேல்சாதிகள் மேல்தான். நத்து மாதிரி ஆள்கள்தான் நாளைய சபையின் தூண்கள் என்று கணக்கு. நத்துவின் விசுவாசம் நிலைக்கவில்லை. அவர் கூட்டிவந்த டித்துக்கு ஞானஸ்நானம் கொடுக்கவே பாதிரியார் தயங்கினார். பாடம் போதாது, இங்கேயே தங்கிப் படி என்றார். ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு நான் என் ஊருக்கே போறேன் என்றார் டித்.

இந்த 'ஊருக்கே போறேன்' என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அந்நாளில் மதம் மாறியவனை மிஷன் வளாகத்துக்குள் வைத்துக் காப்பாற்றுவது வழக்கம். வேலை, வீடு, பாதுகாப்பு எல்லாம் கிடைக்கும். டித் திரும்பிப் போனார். சொந்தக்காரர்கள் ஏசினார்கள், ஒதுக்கினார்கள். சில மாதத்தில் மனைவியையும் மகளையும் அக்கம்பக்கத்தார் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு, அந்தக் காலோடு, சியால்கோட்டுக்கு நடந்தே வந்தார். பிறகும் தோல் வியாபாரத்தை விடவில்லை. தோல் வாங்கப் போன ஊரிலெல்லாம் சொன்னார். சில பத்தாண்டுகளில் அந்த வட்டாரத்தில் சூஹ்ராக்கள் ஆயிரக்கணக்கில் கிறித்தவர் ஆனார்கள். எந்த மிஷன் அலுவலகத்திலும் இதற்குத் திட்டம் போடப்படவில்லை.

தெலுங்கு நாட்டிலும் தோல்காரர்தான். எர்ரகுண்ட்ல பெரய்யா, மாதிகா சாதி, தோல் வியாபாரி. ஜான் கிளஃப் என்ற பாப்டிஸ்ட் பாதிரியாரின் காலத்தில், 1866இல் ஞானஸ்நானம் பெற்றார். பெரய்யாவின் சொந்தபந்தங்கள் ஓங்கோலுக்கு வர ஆரம்பித்ததும், இவர்களைச் சேர்த்தால் நாங்கள் வரமாட்டோம் என்றார்கள் மேல்சாதியார். கிளஃப் மாதிகாக்களைச் சேர்த்தார். அவர்கள் தங்கள் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு போனார்கள். 1876-78 பஞ்சத்தின்போது கிளஃப் பக்கிங்காம் கால்வாய் வெட்டும் வேலையில் ஆள்களைச் சேர்த்துச் சோறு போட்டார். அந்தக் காலம் முழுக்க ஞானஸ்நானத்தை நிறுத்தி வைத்தார். சோற்றுக்காக வந்தார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காக. நிவாரணம் முடிந்த பிறகு 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2222 பேர். 'அரிசிக் கிறித்தவன்' என்று இன்றும் பல்லைக் காட்டுகிறவர்கள் இந்தத் தேதியை எங்கேயாவது எழுதி வைத்துக்கொள்ளலாம். (பசித்தவன் சோறு போட்டவனை நம்பினால் அதில் என்ன கேவலம் என்பது வேறு கேள்வி. சோறு போடாத சாமியை எதற்கு நம்பணும்?)

நம் பக்கத்தில் மயிலாடி வேதமாணிக்கம். சாம்பவர். தஞ்சாவூர் போனவர் அங்கே கேட்ட செய்தியோடு தென்திருவிதாங்கூருக்குத் திரும்பினார். அவர் அழைத்ததால்தான் 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். 1816இல் ரிங்கல்தௌபே கிளம்பியபோது சபையை வேதமாணிக்கத்தின் பொறுப்பில்தான் விட்டுப்போனார். மிஷனரி கொண்டுவந்தார், இவர்கள் வாங்கிக்கொண்டார்கள் என்ற கதையை இந்த மூன்று பேரும் தலைகீழாக்குகிறார்கள்.

எல்லா விசுவாசிக்கும் இந்தக் கடமை உண்டு என்று 1792இல் இங்கிலாந்தில் புத்தகம் போட்டு வாதாடிய வில்லியம் கேரியும் செருப்புத் தைத்தவர்தான். அதைச் சொல்லியே 'எடின்பரோ ரிவ்யூ' பத்திரிகையில் சிட்னி ஸ்மித் என்ற குருவானவர் கிண்டல் எழுதினார். ஆனாலும் கேரி இங்கிலாந்தில் ஊருக்கு வெளியே இருக்கவில்லை. அந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு ஒப்பிடக்கூடாது.

டித் எதைச் சொல்லியிருப்பார்? மும்மூர்த்தித் தத்துவமா? பாடம் போதாது என்றுதானே பாதிரியார் தயங்கினார். தனக்கு நேர்ந்ததைச் சொல்லியிருப்பார். அதற்குப் பெயர்தான் சாட்சி. கோர்ட்டில் சாட்சி என்றால் பார்த்ததைச் சொல்ல வேண்டும். முழுதாகச் சொல்ல வேண்டும். பாதியை விழுங்கினால் அது பொய்சாட்சி. சபைக்குள் வந்தவுடன் அந்தச் சொல்லுக்கு ஏன் பொருள் மாறிவிடுகிறது? குடித்தேன், விட்டேன், நோயாயிருந்தேன், குணமானேன். இந்தச் சாட்சிகள் மட்டுமே மேடை ஏறுகின்றன. 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது அதையும் சாட்சி என்று சொல்லி எந்தச் சபை மேடை ஏற்றியது?

எங்கள் தெருவில் ஒரு தங்கச்சி. ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பிரிவில் வேலை. இந்துவாகப் பிறந்த பறைச்சி, எங்களுக்குத் தூரத்து உறவு. நான் ஜெபக்கூட்டத்தில் பேசுவதைப் பின்னால் உட்கார்ந்து கேட்பார். ஒருநாள் நேராகவே கேட்டார்.

"அண்ணா, எனக்கு அவரைப் புடிச்சிருக்கு. யேசுவைச் சொல்றேன். ஆனா ரெண்டு விஷயம் நீங்க சொல்லவே மாட்டேங்கிறீங்க. எம்பொண்ணு சர்ட்டிபிகேட் என்னா ஆவும்? நாங்க செத்தா எங்க பொதைப்பாங்க?"

இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லாமல் நற்செய்தி சொல்ல முடியுமா என்பதுதான் என் பிரச்சினை.

முதல் கேள்வி. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்துவாக இல்லாதவர் பட்டியல் சாதியாக முடியாது என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறித்தவ, முஸ்லிம் தலித்துகளுக்குத் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் கிறித்தவரான பட்டியல் சாதியார் பிற்படுத்தப்பட்டோர் வரிசைக்குப் போய்விடுகிறார்கள். அங்கே போட்டி யாரோடு? எங்கள் தெருவுக்குள் காலை வைக்காத சாதிகளோடு. ஆக, நான் நம்பிக்கையைச் சொல்கிறேன். எனக்குச் செலவு எதுவும் இல்லை. கேட்டு நம்புகிறவளின் மகள் பட்டியல் சாதிக்கான இட ஒதுக்கீட்டை இழக்கிறாள். சொல்கிறவனுக்குக் கடமை, கேட்கிறவளுக்கு நட்டம். இந்தக் கணக்கை எந்தப் பந்தலிலும் போட்டுக் காட்டியதில்லை.

அதனால்தான் எங்கள் சனத்தில் எத்தனையோ பேருக்கு ரெண்டு பெயர். சபைப் பதிவேட்டில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று. புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கிறித்தவத்தைக் கடைப்பிடித்துக்கொண்டே ஒதுக்கீட்டுக்காக இந்து என்பது அரசியல் சட்டத்தின்மீது செய்யும் மோசடி என்றது. மோசடி என்ற சொல்லை யார்மீது வைப்பது? ஞானஸ்நானத் தண்ணீர் பட்டவுடன் தீண்டாமை கழன்றுவிடும் என்று எழுதி வைத்திருக்கிறதே ஒரு சட்டம், அது என்ன? அப்படிக் கழன்றுவிடும் என்று எந்த ஊர்க்காரனாவது நம்புகிறானா? டீக்கடையில் வந்து கேட்டுப் பாருங்கள். தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் இந்த ஆணையைத் திருத்தக் கோரித் தீர்மானம் போட்டது. அந்த வாரம் எங்கள் சபையில் ஒரு வரி ஜெபம்கூட இல்லை. ஊழியத்துக்குக் காணிக்கை எடுக்கிறோம், இந்த வழக்குக்கு ஏன் எடுக்கவில்லை? என் செய்தியால் இன்னொருத்தர் இழப்பதில் எனக்குப் பங்கு வேண்டாமா?

இரண்டாவது கேள்வி, புதைகுழி. இது நேற்று வந்ததல்ல. சபைக்குள் சாதி கூடாது என்று 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சுற்றறிக்கை விட்டபோது, தஞ்சாவூரில் வெள்ளாளக் கிறித்தவர்கள் பலர் சபையை விட்டார்களே தவிர சாதியை விடவில்லை. வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாக நடுவில் சுவர் வைத்தே கோயில் கட்டினார்கள். 1910இல்தான் சுவர் இடிந்தது. அதுவும் வெள்ளாளருக்கும் நாடாருக்கும் நடந்த சண்டை. நாங்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்காக எத்தனை போராட்டம் நடந்தது என்பது இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களுக்குத் தெரியும். எறையூரில் தனிப்பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர் 2008 மார்ச் 9 அன்று தாக்கப்பட்டார்கள். தாக்கியவர்களும் அதே மாதாவைக் கும்பிடுகிற வன்னியக் கிறித்தவர்கள். போலீஸ் சுட்டதில் இரண்டு வன்னியர் இறந்தார்கள். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே தன் கொள்கை ஆவணத்தில், திருச்சபைக்குள் தீண்டாமை உண்டு என்று ஒத்துக்கொண்டது. ஒரு தலித் கர்தினால் ஆவதற்கு 2022 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தங்கச்சியிடம் இவ்வளவையும் சொன்னேன். சாயங்காலம் முழுக்கப் பேசினோம். எங்கள் சபையில் கல்லறையில் கோடு இல்லை, ஆனால் கமிட்டியில் கோடு இருக்கிறது என்பதையும் சொன்னேன். "இதெல்லாம் தெரிஞ்சும் நீங்க ஏண்ணா இருக்கீங்க?" என்றார். நியாயமான கேள்வி. இது டித்தும் பெரய்யாவும் சம்பாதித்து வைத்த சொத்து, பங்காளி அபகரிச்சான்னு பத்திரத்தைக் கிழிச்சுப் போட முடியாது என்றேன். அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இதை எழுதப்போவதாகச் சொன்னபோது இரண்டு பக்கத்திலிருந்தும் தடுத்தார்கள். சபை நண்பர் ஒருவர், "வீட்டுச் சண்டையைத் தெருவுக்குக் கொண்டு வராதீங்க. மதமாற்றத் தடைச் சட்டம்னு எத்தனை மாநிலத்துல அலையுறான், அவன் கைல கம்பு எடுத்துக் குடுக்காதீங்க" என்றார். அவர் பயம் பொய்யில்லை. நம்பிக்கையைப் பரப்பும் உரிமை அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவில் இருக்கிறது. மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2002இல் வந்த தடைச் சட்டம் 2004 தேர்தல் தோல்விக்குப் பிறகுதான் விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்தச் சட்டங்களின் அடியில் இருப்பது, இவனுக்குச் சுயபுத்தி இல்லை, யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்ற பழைய பசுக் கதைதான். அதற்குப் பதில், எல்லாவற்றையும் விரித்து வைத்துச் சொல்வதே. சாதகமும் பாதகமும் தெரிந்து தீர்மானித்தவளை ஏமாந்தவள் என்று எந்தக் கோர்ட் சொல்லும்? மறைத்துச் சொன்னால்தான் அவன் குற்றச்சாட்டுக்கு நாமே சாட்சியாகிறோம்.

இன்னொரு நண்பர் அம்பேத்கரியர், பௌத்தம் தழுவியவர். மதம் மாறிய தீண்டாதாரின் நிலை குறித்து அம்பேத்கர் எழுதியதை எடுத்து வைத்தார். கிறித்தவம் அவர்களிடமிருந்து சாதியை நீக்கவில்லை, தங்கள் துயரத்துக்குச் சமூகம்தான் காரணம் என்று கேட்கவும் கற்றுத்தரவில்லை என்பது பாபாசாகேபின் விமர்சனம். இதை மறுக்க என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அது கிறித்தவ நிறுவனம் எங்களிடம் சொன்னதைப் பற்றிய விமர்சனம். நாங்கள் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பது இன்னும் சோதித்துப் பார்க்காத விஷயம்.

யாரிடம் திருப்பிச் சொல்வது? அந்தியோகியாவில் பேதுரு புறசாதியாரோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து நாலு பேர் வந்தவுடன் இலையை விட்டு எழுந்து ஒதுங்கிக்கொண்டார். பவுல் எல்லார் முன்னாலும் முகத்துக்கு நேரே அவரைக் கண்டித்ததாகக் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. பந்தி பேதம் பவுலுக்குப் பழக்கவழக்கப் பிரச்சினையாகத் தெரியவில்லை. சுவிசேஷத்தின் சத்தியத்துக்கே விரோதமாகத் தெரிந்தது. அப்படியானால் எங்கள் ஊரில் நற்செய்தி இன்னும் எட்டாத சனம் யார்? ஆலயத்தின் முன்வரிசையில் உட்கார்ந்து, கல்யாணப் பத்திரிகையில் சாதிப் பட்டத்தை அச்சடித்து, காலனிக்காரன் வீட்டில் ஜெபம் செய்துவிட்டுத் தண்ணீர் மட்டும் வேண்டாம் என்று எழுந்துவருகிறவர்கள். ஊழியக் களம் என்று வரைபடம் போடுகிறவர்கள் அந்த வரிசைக்கு ஒரு கலர் அடிக்கட்டும். அங்கே கைப்பிரதியோடு போகவேண்டிய மிஷனரிகள் நாங்கள்தான். வேறு யாருக்கும் அந்த வேலை தெரியாது.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த பரட்டை என்கிற தியாபிலஸ் அப்பாவு 'ஒரே உலை' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எல்லார் வீட்டு அரிசியும் ஒரே உலையில் வேகட்டும், பறையும் நாட்டுப்பாட்டும் ஆலயத்துக்குள் வரட்டும் என்று வழிபாட்டையே மாற்றி எழுதினார். 2005இல் போய்விட்டார். அவர் பாட்டுகள் பலவும் நிலைத்துவிட்டன, மேல்வரிசைக்காரர்களும் கைதட்டிப் பாடுகிறார்கள். உலையைத்தான் இன்னும் யாரும் ஏற்றக் காணோம்.

எங்கள் சேகரக் கமிட்டிக்கு ஒரு மனு கொடுத்திருக்கிறேன். கேட்டது மூன்று. ஞானஸ்நானம் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் சாதிச் சான்றிதழ் என்னாகும் என்பதைச் சபை முன்னால் தெளிவாகச் சொல்ல வேண்டும். இழக்கப்போகும் பிள்ளையின் படிப்புச் செலவில் சபை பங்கெடுக்க வேண்டும். அறுப்பின் பண்டிகைச் சாப்பாட்டை இந்த வருடம் காலனிப் பெண்கள் சமைக்க வேண்டும். பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது, பந்தியில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். ஐயர் (எங்கள் பக்கம் குருவானவரை அப்படித்தான் அழைக்கிறோம், அந்தப் பெயரை எங்கிருந்து எடுத்தோம் என்று யோசித்தால் சிரிப்பு வரும்) முதல் இரண்டையும் பரிசீலிப்பதாகச் சொன்னார். மூன்றாவதற்கு, "அது கொஞ்சம் பக்குவமா செய்யணும் தம்பி, அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம்" என்றார். அடுத்த கூட்டம் வருகிற ஞாயிறு, இரண்டாம் ஆராதனை முடிந்தபிறகு.